குமரி எல்லையில் கோட்டை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். விடுமுறை வந்தால் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, திருவள்ளுவர் சிலை பார்த்து, மறுநாள் காலையில் "இங்கே வேறென்ன இருக்கு?" என்பார்கள். அவர்களை நான் கோட்டைகளுக்கு அழைத்துப் போவேன். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது. டிக்கெட்டை மட்டும் ஏன் கேரள அரசு கொடுக்கிறது?

எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். இந்த ஊர்கள் எல்லாமே திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கல்குளம் தாலுகாவில் இருக்கும் அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனை வாசலைத் தாண்டி உள்ளே போனால் கேரள அரசு ஊழியர்கள். வெளியே வந்து டீ குடித்தால் தமிழ்நாடு.

இதை விசித்திரம் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு இது இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்கமாகப் படுகிறது. இங்கே உள்ள மதில்கள் இன்றைய மாநில எல்லைக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தவை. களியக்காவிளை சோதனைச் சாவடியை மனதிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இந்தக் கோட்டைகளைப் பார்க்க வேண்டும்.

செஞ்சி, வேலூர் மாதிரி பிரமாண்டமாக இருக்குமா?

இருக்காது. செஞ்சியில் மூன்று மலைகளை மதில் சுற்றி வளைத்திருக்கும். வேலூரில் அகழியே ஒரு ஏரி மாதிரி இருக்கும். அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில், பீரங்கிக் காலத்தில் கட்டப்பட்டவை அல்லது திருத்திக் கட்டப்பட்டவை. பீரங்கி வந்த பிறகு உயரமான மதிலால் பயன் குறைவு. குண்டு பட்டால் உயர்ந்த சுவர் சரியும், தடித்த சுவர் தாங்கும். அதனால் இங்கே உயரத்தைத் தேடாதீர்கள், தடிமனைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்வேன். ஒவ்வொரு கோட்டையிலும் போய் நின்றவுடன், "இது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?" என்று கேளுங்கள். கிழக்கே கணவாயைப் பார்க்கிறதா, தெற்கே கடலைப் பார்க்கிறதா? யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வழிகாட்டி இல்லாமலே பாதி வரலாறு பிடிபடும்.

அரண்மனைக்குள் எதை விடாமல் பார்க்க வேண்டும்?

அவசரப்பட்டு நடந்தால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். நான் இரண்டரை மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

முதலில் தாய்க் கொட்டாரம். இங்கே இருப்பதிலேயே பழைய பகுதி. நானூறு வருடங்களுக்கு மேல் பழமையானதாகக் கருதப்படுகிறது. நடுவே முற்றம், நான்கு மூலைகளிலும் தூண்கள் என்று நம் பழைய நாலுகெட்டு வீட்டின் பெரிய வடிவம் அது. அங்கே பலாமரத் தூணின் வேலைப்பாட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தொடாமல். பிறகு மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய அறை. மரச் சன்னல்களில் பதித்த அபிரக (மைக்கா) தகடுகள் வழியாக வரும் வெளிச்சம் வெயிலைக் குளிர வைத்ததுபோல் இருக்கும். ஏப்ரல் மாத மத்தியானத்தில்கூட அந்த அறையில் வியர்க்காது.

தரையைப் பார்க்காமல் போகாதீர்கள். கண்ணாடிபோல மின்னும் அந்தக் கருப்புத் தரை சிமெண்ட் இல்லை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு இவற்றையெல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது என்று சொல்கிறார்கள். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதனால் எனக்கு அரண்மனையிலேயே மிக நெருக்கமான பொருள் அந்தத் தரைதான்.

ஊட்டுப்புரையின் நீளத்தைக் கண்டு குழந்தைகள் ஓடத் தொடங்குவார்கள். இரண்டு மாடியிலும் வரிசையாக உட்காரவைத்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு அன்னதானம் நடந்த கூடம். அங்கே வைத்திருக்கும் ஊறுகாய்ச் சாடிகளே ஆளுயரத்தில் பாதி இருக்கும். நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன. ஓவியம் கெட்டுவிடாமல் இருக்க அங்கே பார்வையாளர்களைச் சில நேரம் விடுவதில்லை. விடாவிட்டால் சண்டை போடாதீர்கள், அது நல்லதுக்குத்தான்.

அரண்மனை பார்த்தாயிற்று. கோட்டை எங்கே?

நீங்கள் வந்த ஆட்டோ கோட்டைக்குள்தான் நிற்கிறது! அரண்மனை வளாகம் ஆறேழு ஏக்கர்தான். அதைச் சுற்றியுள்ள கோட்டை ஏறக்குறைய 185 ஏக்கர். உள்ளே தெருக்கள், வீடுகள், பள்ளி, கோயில்கள் எல்லாம் இருக்கின்றன. மக்கள் இன்றும் வாழ்கிற கோட்டை இது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மதிலைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஊரின் பழைய பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், 1750ல் தன் நாட்டையே திருவனந்தபுரம் கோயிலின் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தான் அவருடைய தாசனாக ஆள்வதாக அறிவித்தவர். அவர் காலத்தில்தான் அரண்மனை பெரிதாக்கப்பட்டது. மண்மதில் இருந்த இடத்தில் கருங்கல் மதில் எழுந்தது. ஊருக்கும் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்தது. 1795ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அப்படிப் போனதால்தான் அரண்மனை பெரிய மாற்றமில்லாமல் தப்பியது என்று நினைக்கிறேன். தலைநகரமாகவே தொடர்ந்திருந்தால் இந்த மரவேலையை இடித்துவிட்டு ஐரோப்பிய பாணியில் கட்டியிருப்பார்கள்.

மதிலோடு ஒட்டி ஒரு சுற்று நடந்து பாருங்கள். சில இடங்களில் ஆலமர வேர் கல்லைப் பிளந்திருக்கும், சில இடங்களில் மதிலே வீட்டின் பின்சுவராகியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் நீலகண்டசுவாமி கோயில், சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஏழாவது. மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் தொடங்கி, கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று கூவிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கோட்டை வழியாக ஓடிவருவார்கள். அந்த நேரத்தில் இங்கே இருக்க முடிந்தால் இருங்கள்.

நவராத்திரிக்கு முன்பும் வரலாம். இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என மூன்று விக்கிரகங்களும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும். மன்னரின் உடைவாளை அரண்மனையில் முறைப்படி ஒப்படைத்த பிறகே ஊர்வலம் புறப்படும். தலைநகரம் மாறிப் பல தலைமுறைகள் ஆன பின்பும் சாமி வருடத்துக்கு ஒருமுறை இங்கிருந்துதான் போகிறது.

உதயகிரிக் கோட்டை என்பது பூங்காதானே? போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் புலியூர்க்குறிச்சியில், பஸ்ஸிலிருந்தே மதில் தெரியும். உள்ளே வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா நடத்துகிறது, அதனால் பலர் இதைக் குழந்தைகள் பூங்கா என்று நினைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 90 ஏக்கரில், ஒரு குன்றைச் சுற்றி எழுப்பிய கோட்டை இது. திருவிதாங்கூரின் முக்கியப் படைத்தளம் இங்கேதான் இருந்தது. பீரங்கியும் குண்டுகளும் வார்க்கும் உலையும் உள்ளேயே இருந்தது.

பெரியவர்கள் இதை டிலனாய் கோட்டை என்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைதான் அடுத்த கேள்வி.

டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மன்னரின் தளபதியாக ஒரு டச்சுக் கம்பெனிக்காரர் எப்படி ஆனார்?

மிளகுதான் காரணம். மிளகு வியாபாரம் முழுவதும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பியது. சுற்றியிருந்த சிறு நாடுகளைச் சேர்த்துக்கொண்டே வந்த மார்த்தாண்ட வர்மர் அதற்கு இடைஞ்சலாக இருந்தார். இலங்கையிலிருந்து படை அனுப்பி டச்சுக்காரர்கள் குளச்சலில் இறங்கினார்கள். 1741 ஆகஸ்டில் அவர்கள் அங்கே தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனோய், நம் மக்கள் வாயில் டிலனாய்.

மன்னர் அவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. தன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ஐரோப்பிய முறை அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி வார்ப்பு, கோட்டை கட்டுவது எல்லாவற்றையும் டிலனாய் கற்றுக்கொடுத்தார். உதயகிரியின் மண்கோட்டையைக் கருங்கல் கோட்டையாக மாற்றியது அவருடைய மேற்பார்வையில். 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்று பெயர் பெற்று, முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் இங்கேயே இருந்து 1777ல் இறந்தார்.

கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிறு தேவாலயச் சுவர்களுக்கு நடுவே அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். அவருடைய மனைவியும் மகனும் அதே இடத்தில் அடங்கியிருக்கிறார்கள். மகன் இளம் வயதிலேயே களக்காட்டுப் போரில் இறந்தவர். அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்க எல்லோருக்கும் ஆசை வரும். தடவ வேண்டாம். சாய்வாக வெயில் விழும் காலையிலோ மாலையிலோ போனால் எழுத்துகள் தானாகத் தெரியும்.

புனித தேவசகாயம் இந்தக் கோட்டையோடு தொடர்புடையவரா?

ஆமாம். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். டிலனாயோடு ஏற்பட்ட பழக்கத்தால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745ல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு சிறை, சித்திரவதை, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டது என்று கடைசியில் 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை என்ற இடம் இருக்கிறது. தாகத்தில் அவர் முழங்கையால் இடிக்க, தண்ணீர் வந்த பாறை அது என்பது மக்கள் நம்பிக்கை. உதயகிரி பார்க்கிறவர்கள் அங்கேயும் போய்வருவார்கள்.

வட்டக்கோட்டை வட்டமாக இருக்குமா?

பெயரை நம்பி வட்டத்தைத் தேடாதீர்கள். அது செவ்வக வடிவம். கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். பரப்பு மூன்றரை ஏக்கர்தான், ஆனால் மதில் 25 அடி உயரம். முன்பக்கச் சுவரின் தடிமன் 29 அடி என்றால் நம்புவீர்களா? பின்பக்கம் 6 அடிதான். எந்தப் பக்கத்துக்குப் பயந்தார்கள் என்று இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பீரங்கி ஏற்றிச் செல்வதற்கான சாய்தளம் வழியாக மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர், நடுவே தென்னந்தோப்பு. சில கற்களில் மீன் சின்னம் இருப்பதால் பாண்டியர் கட்டியது என்பவர்களும் உண்டு. இப்போது நாம் பார்க்கும் வடிவம் மார்த்தாண்ட வர்மர் காலத்தில், டிலனாய் மேற்பார்வையில் அமைந்தது. மேலே காற்று பலமாக அடிக்கும். சின்னக் குழந்தைகளின் கையை விடவே கூடாது.

ஆரல்வாய்மொழியில் கோட்டை இருக்கிறது என்கிறார்களே, போனால் காற்றாலைதான் தெரிகிறது?

காற்றாலை நிற்பதற்கும் கோட்டை நின்றதற்கும் ஒரே காரணம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் இந்தக் கணவாய் திறந்திருக்கிறது. காற்று நுழையும் வழியில்தான் படையும் நுழையும். திருநெல்வேலிப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வர இதுதான் வாசல். அதை அடைக்கத் திருவிதாங்கூர் இங்கே நீளமான அரண்வரிசை கட்டியது. இன்று அங்கங்கே சில துண்டுகள்தான் மிச்சம். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வயல்வரப்பு என்று நினைத்துவிடுவீர்கள்.

இங்கே நடந்த ஒரு இரவைச் சொல்லாமல் விட முடியாது. தலக்குளத்தில் பிறந்த திவான் வேலுத்தம்பி தளவாய், 1809 ஜனவரியில் குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை விட்டுப் போரைத் தொடங்கினார். கர்னல் செயிண்ட் லீகர் தலைமையில் கம்பெனிப் படை பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்து ஆரல்வாய்மொழிக்கு எதிரே முகாமிட்டது. அரணை நேராக மோதினால் பெரிய சேதம் ஆகும். அதனால் மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவோடு இரவாக, யாரும் ஏற மாட்டார்கள் என்று நினைத்த மலைச்சரிவில் பாறையும் முள்ளும் தாண்டி ஏறி, விடியும் முன் அரணின் முனையைப் பிடித்தது. பிப்ரவரி 10 அன்று அரண்வரிசை முழுவதும் விழுந்தது. அதே மாதத்தில் உதயகிரியும் பத்மநாபபுரமும் கைமாறின. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார்.

அத்தனை வருட உழைப்பில் கட்டிய வாசல், மலையை நம்பிக் காவல் குறைத்த ஒரு மூலையால் போனது. அங்கே நின்று அந்தச் சரிவை அண்ணாந்து பார்த்தால் அந்த இரவு புரியும்.

குளச்சலில் என்ன பார்க்கலாம்?

வெற்றித் தூண் ஒன்று இருக்கிறது. கோட்டை என்று எதுவும் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு வரலாம், அரை மணி நேரம் போதும்.

கோட்டைகளை விடப் பழையது ஏதாவது?

சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். மலையேறப் படியும் பாதையும் போட்டிருக்கிறார்கள். உச்சிப் பாறையின் கீழே சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தில் இங்கே சமணப் பள்ளி இருந்தது; குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்துறவி கொடுத்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பின்னாளில் பகவதி கோயிலாக மாறியது. காலை ஏழு மணிக்கு ஏறினால் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திபசேகரபுரமும் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் கோயிலோடு ஒரு சாலையும், அதாவது கல்விச்சாலையும், அமைத்து 95 மாணவர்களுக்கு இடம் கொடுத்த ஊர். பார்க்கக் கோயில் மட்டும்தான் மிச்சம், ஆனால் அந்தச் செய்தி தெரிந்து போனால் வெறும் கோயிலாகத் தெரியாது.

அப்படியே கேரளத்துக்குள் போனால்?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் அஞ்சுதெங்கு. 1684ல் ஆற்றிங்கல் ராணி ஆங்கிலக் கம்பெனிக்கு இடம் கொடுக்க, அங்கே கோட்டை எழுந்தது. 1721ல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய 140 பேர் ஆற்றிங்கலில் கொல்லப்பட்டார்கள்; கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. கொல்லத்தில் தங்கசேரி, போர்ச்சுகீசியர் கட்டியது. இப்போது சில சுவர்கள்தான், பக்கத்துக் கலங்கரை விளக்கத்துக்காகச் சேர்த்துப் பார்க்கலாம்.

பாலக்காட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அங்குள்ள கோட்டையை விடாதீர்கள். 1766ல் ஹைதர் அலி கட்டியது. கோவைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் நடுவே மலையில் உள்ள இடைவெளியைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அந்த இடம். ஆரல்வாய்மொழியில் சொன்ன அதே கணக்கு. 1783லும் 1790லும் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சாயங்காலம் ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள்.

பழைய காசு, குண்டு ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் கிடைத்ததை அரசிடம் தெரிவிக்க வேண்டும். வட்டக்கோட்டை, சிதறால் போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் கல்லைப் பெயர்த்தாலோ, பெயர் கிறுக்கினாலோ இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

ஒருமுறை நான் அழைத்துப் போன கூட்டத்திலேயே ஒரு பையன் மதிலில் சாவியால் தன் பெயரைக் கீறிவிட்டான். கருங்கல்லில் அவ்வளவாகப் பதியவில்லை, சுண்ணாம்புப் பூச்சில் பதிந்துவிட்டது. அடுத்த முறை போனபோதும் அந்தப் பெயர் அங்கேயே இருந்தது. அதிலிருந்து உள்ளே நுழையும் முன்பே எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் மதில் ஏறினால் பாசி வழுக்கும். ஆனால் ஜூன் மாதச் சாரலில் வேளிமலை அடிவாரத்து மதிலைப் பார்த்தவர்கள் திரும்ப அதே மாதத்தில்தான் வருகிறார்கள்.

எங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் நேரம். என்ன செய்யலாம்?

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. இது தெரியாமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய. கவலை வேண்டாம். காலையில் சிதறால் ஏறுங்கள், வெயில் ஏறும் முன் இறங்கிவிடலாம். அப்புறம் பத்மநாபபுரத்துக்கு வந்து கோட்டை மதிலைச் சுற்றி நடங்கள். அரண்மனை மூடியிருந்தாலும் மதிலுக்கு விடுமுறை கிடையாது. தக்கலையில் சாப்பிட்டுவிட்டு, மாலை நாலு மணிக்கு வட்டக்கோட்டை போய்ச் சேருங்கள். போகும் வழியில் நாகர்கோவிலில் ஒரு தட்டு ரசவடையும் கொஞ்சம் மட்டிப்பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.